பித்தப்பை இயல்பு

“மூச்சை இழுங்க… அப்படியே நிறுத்துங்க…”

ஒன்று. இரண்டு. மூன்று. நாலை எண்ணுவதற்குள் உள்ளே படுத்திருந்தவர் இருமிவிட்டார்.

ஸ்கேன்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அந்த வெள்ளை இயந்திரம், லாரி டயர் அகலத்துக்கு வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதிலிருந்து இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கட்டைவிரல்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நடுங்கின.

“என்னம்மா இது, இது அஞ்சாவது தடவை. போன முறை கல்லு மாதிரி கிடந்தாரே உங்க வீட்டுக்காரர்! இருபது செகண்டு நிறுத்துங்கன்னா இருபத்தஞ்சு நிறுத்தினார். நடுவுல குறட்டை வேற. ஒன்பது வருஷமா இந்த மெஷினைக் கட்டிக்கிட்டு அழறேன், உள்ள படுத்துக் குறட்டை விட்ட ஒரே ஆளு இவர்தான்.”

பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனைவி சங்கடத்தோடு சிரித்து வைத்தாள். “வயசாகுதுல்ல சார்.”

“ஆறு மாசத்துலயா?”

குறட்டை விஷயமும் இடித்தது. பத்தொன்பது வருஷமாகப் பக்கத்தில் படுக்கிறாள். அவர் குறட்டை விட்டு அவள் கேட்டதே இல்லை.

தொழிற்சாலை ஆட்களுக்கு உடுப்பு தைக்கும் கம்பெனியில் அவள் தையல்காரி. மில்லிமீட்டர் அவளுக்குத் தாய்மொழி மாதிரி. ஆறு மாதத்துக்கு முன்னால் சாதாரண வயிற்று ஸ்கேனில், “கல்லீரல்ல ஒரு புள்ளி தெரியுது, பதினாலு மில்லிமீட்டர்” என்று டாக்டர் சொன்னபோது அவள் மனதில் உடனே வந்து நின்றது பேன்ட் இடுப்பில் தைக்கும் பட்டன். அவ்வளவுதானே என்று முதலில் ஒரு நிம்மதி. ஆனால் டாக்டர் விடவில்லை. “இவர் ரத்தத்துல மஞ்சள் காமாலைக் கிருமி ரொம்ப வருஷமா குடியிருக்கு. அந்த மாதிரி கல்லீரல்ல கடுகளவு புள்ளி வந்தாலும் மரியாதை கொடுக்கணும். எம்.ஆர்.ஐ. எடுத்தாத்தான் அது நல்லதா கெட்டதான்னு ஜாதகம் தெரியும்” என்றார்.

எம்.ஆர்.ஐ. எடுத்த அன்றைக்கு அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. கணவரும், எலி என்று எல்லோரும் கூப்பிடும் அவர் தம்பியும்தான் போனார்கள். ரிப்போர்ட் வந்தது: சந்தேகப்படும்படி எதுவும் இல்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கவும். முதலில் தெரிந்தது வெறும் கொழுப்புத் திட்டாக இருக்கும் என்று டாக்டரும் தேற்றினார். வீட்டில் மீன் வறுத்தாள். தம்பி எட்டுத் துண்டு தின்றான். கணவர் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இப்போது அந்த ஆறு மாதம் முடிந்துவிட்டது. மூன்று முறை தேதி வாங்கி மூன்று முறையும் மனிதர் தட்டிக்கழித்தார். வேலை, முதுகுவலி, கடைசியாக, “எலி வெளியூர் வேலைக்குப் போயிருக்கான், வரட்டும், போலாம்.”

“ஸ்கேன் உங்களுக்கு. அவர் எதுக்கு? உங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறதுக்கா?” என்று கேட்டுவிட்டு, லீவு எழுதிக்கொடுத்து, இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஸ்கேன்காரர் மைக்கை அணைத்தார். “மருந்து ஏத்தறதுக்கு முன்னாடி எடுக்கிற சாதாப் படமே பாதி ஆடிப்போயிருக்கு. மருந்து ஏத்தினா முதல் இருபது செகண்டுதான் உயிர். அதைத் தப்பவிட்டா மருந்து வீண், நாளும் வீண். கொஞ்சம் வெளிய எடுக்கறேன், ஆசுவாசப்படுத்திக்கட்டும். அதுக்குள்ள டாக்டரம்மா பழைய படத்தோட இதை ஒப்பிட்டுப் பார்த்துடுவாங்க.”

மேடை வெளியே வந்தது. எழுந்து உட்கார்ந்த கணவரின் சட்டை, கிணற்றிலிருந்து எடுத்த மாதிரி நனைந்திருந்தது. அந்த அறையிலோ ஏசி எலும்பைத் துளைத்துக்கொண்டிருந்தது.

பத்தே நிமிடம். ஸ்கேன் டாக்டரம்மா இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

இருட்டறை. மேஜை மேல் இரண்டு திரைகள். டாக்டரம்மா நாற்காலியைத் திருப்பாமலே கேட்டார்: “இவருக்கு வயித்துல ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்கா?”

“நாலு வருஷம் முன்னாடி பித்தப்பையை எடுத்தாங்க டாக்டர். கல்லு. அந்தக் கல்லை டப்பாவுல போட்டு வச்சுக்கிட்டு வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டிட்டு இருந்தார்.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “இது இன்னிக்கு எடுத்தது. ஆடியிருக்கு, ஆனா இது தெளிவா தெரியுது. பித்தப்பை இருக்கவேண்டிய இடம் காலி. நீங்க சொல்றது சரி.” பேனா அடுத்த திரைக்குப் போனது. “இது ஆறு மாசம் முன்னாடி, இதே பேர்ல, இதே மெஷின்ல எடுத்தது. கல்லீரலுக்குக் கீழே பிஞ்சுக் கத்திரிக்கா மாதிரி வெள்ளையா தொங்குதே, என்ன தெரியுமா?”

அவள் தலையாட்டினாள், தெரியாது என்று.

“பித்தப்பை.”

அவளுக்கு உடனே விளங்கவில்லை. “எடுத்தது மறுபடி முளைக்குமா டாக்டர்?”

“நகம் முளைக்கும், முடி முளைக்கும். பித்தப்பை முளைக்காதும்மா.” டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தார். “அப்பவே எழுதியிருக்கு பாருங்க. ‘பித்தப்பை இயல்பு.’ ஆபரேஷன் ஆனவரான்னு எங்க ஆள் கேட்கலை. அனுப்பின டாக்டர் கடைசி வரியை மட்டும் படிச்சிருக்கார். எங்க மேலயும் தப்பு இருக்கு, அதை நான் மறைக்கலை. ஆனா இப்போ எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். இது யாரோட வயிறு?”

ஆறு மாதமாக அந்தக் காகிதம் அவள் பீரோவில், துணிக்கு நடுவில் பத்திரமாக இருந்தது. அடுத்த நொடி அவள் எழுந்துவிட்டாள்.

“எவனோ ஒருத்தன் படத்தை எடுத்து இவர் பேர்ல செருகிட்டீங்க! இது ஆஸ்பத்திரியா, சந்தைக்கடையா? ஆறு மாசம் டாக்டர்! ஆறு மாசமா எல்லார்கிட்டயும் ஒண்ணுமில்லே ஒண்ணுமில்லேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே! ஏங்க, வாயில என்ன கொழுக்கட்டையா? கேளுங்க நீங்களும்!”

திரும்பிப் பார்த்தாள். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்த விதம் அவளுக்குத் தெரியும். பொய்யை எங்கே ஒளித்துவைப்பது என்று தெரியாதபோது அவர் அப்படித்தான் தரையைப் பார்ப்பார்.

“ஏங்க?”

அவர் நனைந்த சட்டை நுனியைப் பிழிந்தார்.

“ஏங்க… இது யாரோடது?”

“எலியோடது” என்றார்.

*

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒன்றரை வயது வித்தியாசம். ஒரே உயரம், ஒரே மாதிரி ஏறிய நெற்றி. இரண்டு பேருக்கும் வேலை உடுப்பை அவள் ஒரே அளவில்தான் வெட்டுவாள். தொழிற்சாலைகளின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுத்தம் செய்வது அவர்கள் பிழைப்பு. தொட்டியின் வயிற்றில் ஒன்றரை அடி அகலத்துக்கு ஒரு வட்ட வாசல் இருக்கும். ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே ஊர்ந்து போய், அடியில் இறுகிக் கிடக்கும் வண்டலைச் சுரண்டி வாளியில் அனுப்பவேண்டும். இன்னொருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நிற்கவேண்டும். உள்ளே இருப்பவர் யார் என்று காட்ட, பெயர் அட்டை ஒன்று வாசலில் தொங்கும். உள்ளே இறங்க அனுமதிச் சான்று வாங்கியவர் அண்ணன். மேஸ்திரி என்று பட்டமும் உண்டு. தம்பிக்குச் சான்று இல்லை. எந்தப் பொந்திலும் நுழைந்துவிடுவான் என்று சக ஆட்கள் வைத்த ‘எலி’ என்ற பேர்தான் உண்டு.

சான்று இல்லாதவனுக்கு ஏன் அந்தப் பேர் வந்தது? பதினொரு வருஷமாக அவள் அதை யோசித்ததே இல்லை. இப்போது, வராந்தாவில் சுவரோடு ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, கணவர் வாயால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பதினொரு வருஷம் முன்னாடி ஒரு தொட்டியில நான் உள்ள இருக்கேன். வெளிய இருந்தவன் தண்ணி குடிக்கப் போயிட்டான். வேற யாரோ வந்து காலின்னு நினைச்சு மூடியைப் போட்டு முடுக்கிட்டான். நாப்பது நிமிஷம்.” அவர் உள்ளங்கையைத் தொடையில் தேய்த்தார். “அதுக்கப்புறம் தலைக்கு மேல மூடி மாதிரி எது வந்தாலும் மூச்சு நின்னுடுது. சொன்னா வேலை போயிடும். ரெண்டு பேருக்கும் போயிடும். எலிதான் சொன்னான், ‘உன் அட்டையை மாட்டு, நான் இறங்கறேன்’னு.”

“பதினொரு வருஷமாவா?”

“ம்.”

“அதே மாதிரி இங்கயும் உங்க அட்டையை மாட்டிட்டு அவரை உள்ள அனுப்பிட்டீங்க.”

“நான் மெஷினைப் பார்த்தேன். அச்சு அசல் தொட்டி வாசல். கால் நகரலை. அவன் என் கார்டைப் பிடுங்கிட்டு, ‘இதுக்குப்போயா? உக்காரு, ஒரு தூக்கம் போட்டுட்டு வந்துடறேன்’னு போயிட்டான். போட்டோவுல எல்லார் மூஞ்சியும் ஒரே மூஞ்சிதானே, யாரும் கேட்கலை.”

“சரி, பயந்தீங்க. ரிப்போர்ட் உங்களோடது இல்லேன்னு உங்களுக்குத் தெரியுமில்லே? வீட்டுக்கு வந்து மீனை வறுன்னு சொன்னீங்களே, எப்படிங்க சொன்னீங்க?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் நிஜமான வியப்பு இருந்தது, யாரோ மூன்றாம் மனிதனைப் பற்றிப் பேசுவது போல.

“மேல என் பேர் போட்டிருந்துச்சு. கீழே ஒண்ணுமில்லேன்னு போட்டிருந்துச்சு. நீ அழுதே, சிரிச்சே. ஒரு வாரத்துல… நானே நம்பிட்டேன்.”

அவளுக்கு அறையலாமா, கட்டிக்கொண்டு அழலாமா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யாமல் போனை எடுத்தாள்.

“எலி, எங்க இருக்கீங்க?”

“வேலை முடிஞ்சு வேன்ல வந்துட்டு இருக்கேன் அண்ணி. என்ன, அண்ணன் எங்க?”

“ஸ்கேன் ஆஸ்பத்திரியில. உங்க பித்தப்பை நல்லா இருக்காம். வந்து பார்த்துட்டுப் போங்க.”

அந்தப் பக்கம் வேனை ஓரம் கட்டச் சொல்லும் குரல் கேட்டது. பிறகு, “இறங்கி ஆட்டோ பிடிக்கறேன்” என்றான்.

அதற்குள் டாக்டரம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டார். புதிய படத்தில், சாம்பல் நிறக் கல்லீரலின் வலது ஓரம் ஒரு உருண்டை மங்கலாகத் தெரிந்தது. டாக்டரம்மா அதன் குறுக்கே கோடு இழுத்தார். கோட்டின் முனையில் எண் வந்து நின்றது. 31.

மழைக்கோட்டுக்குத் தைக்கும் பெரிய பட்டன். பேன்ட் பட்டனுக்கும் அதற்கும் நடுவில் ஆறு மாதம்.

“இது வளர்ந்திருக்கிற வேகம் எனக்குப் பிடிக்கலை” என்றார் டாக்டரம்மா. “பக்கத்துல பெரிய ரத்தக்குழாய் போகுது. இந்த ஒண்ணு மட்டும்தான்னா அந்தத் துண்டை வெட்டி எடுத்துடலாம், நல்லா வாழலாம். இடது பக்கமும் ஒண்ணு இருந்தாலோ, குழாய்க்குள்ள நுழைஞ்சிருந்தாலோ கத்தி வைக்க முடியாது. ஒண்ணா ரெண்டான்னு இந்தப் படத்துல சொல்ல முடியலை, அவ்வளவு ஆடியிருக்கு. மருந்து ஏத்தி, மூச்சை நிறுத்தி எடுத்தாத்தான் தெரியும்.”

“தூங்க வச்சு எடுக்கக் கூடாதா?”

“தூங்கறவர் மூச்சை நிறுத்துன்னா நிறுத்துவாரா? அவர்தான் முழிச்சுக்கிட்டு, அவரா நிறுத்தணும்.”

*

எலி வந்தபோது முழங்கால்வரை கறுப்பு வண்டல் காய்ந்திருந்தது. காதோரம் கூடக் கறை. வராந்தாவில் இருந்தவர்கள் ஒதுங்கி உட்கார்ந்தார்கள். அண்ணிக்கு முன்னால் வந்து நின்றான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான்.

“திட்டுங்க அண்ணி.”

“திட்டறதுக்கு நேரமில்லே.” உருண்டையை, முப்பத்தொன்றை, ஒன்றா இரண்டா என்பதை, மூச்சை, எல்லாவற்றையும் நாலே வாக்கியத்தில் சொன்னாள்.

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் நனைந்த சட்டையோடு, அடிபட்ட மாடு மாதிரி உட்கார்ந்திருந்தார். பதினொரு வருஷப் பழக்கம், யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“நீ உக்காரு, நான் உள்ள போய்…”

பாதியில் நிறுத்திக்கொண்டான். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தவர் மேஸ்திரிதான். அழுகைபோல ஒரு சிரிப்பு. “போடா, போ. என் கட்டியை உன் வயித்துல தேடட்டும்.” அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பைக் கண்டு அவளே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எலி மட்டும் சிரிக்கவில்லை. தரையில் அண்ணனின் காலடியில் குந்தினான். “கேளு. உனக்கு மூடியைப் பார்த்தாதானே பயம்? மேடையில படுக்கும்போதே கண்ணைக் கட்டச் சொல்லு. உள்ள போய்க் கட்டாதே, வெளியவே கட்டிக்கோ. அப்புறம் மூச்சை நெஞ்சு முட்ட இழுக்காதே, இருமல் வரும். வெளிய விட்டுட்டு நிறுத்து. காலி நெஞ்சு கம்முனு கிடக்கும். உள்ள நான் அப்படித்தான் செய்வேன், வாடை தாங்காதப்ப.”

“உனக்குப் பயமே இல்லையாடா?”

“ஏன் இல்லே? ஒவ்வொரு தடவையும் இருக்கு.”

மேஸ்திரி தம்பியைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். “என்கிட்ட சொன்னதே இல்லையே.”

“சொன்னா நீ இறங்கியிருப்பே.”

ஸ்கேன்காரர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். காலை முதலில் விட்டு, தலை வாசல் பக்கம் இருக்கிற மாதிரி படுக்கவைக்கலாம் என்றார். எலி எழுந்து கூடவே நடந்தான். “நீ எங்கய்யா? உன் உடுப்பு முழுக்க இரும்புத் தூள். காந்தம் உன்னை அப்படியே உறிஞ்சிடும். போன தடவை குளிச்சுட்டு வந்தே” என்றார் ஸ்கேன்காரர். பிறகுதான் தான் சொன்னது உறைத்து, எலியின் முகத்தையும் மேஸ்திரியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “அடப்பாவிகளா!”

மேஸ்திரி ஒற்றை ஆளாக உள்ளே போனார்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். இம்முறை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்தது கால் இல்லை, உச்சந்தலையும் அதற்கு மேல் நீட்டிவைத்த கைகளும். கண்ணைச் சுற்றி வெள்ளைத் துணி. கையில் ஊசிக் குழாய். இயந்திரம் தகரத்தின் மேல் கல்லைக் கொட்டுவதுபோல் அலறத் தொடங்கியது.

“மருந்து போகுது… மூச்சை விடுங்க… முழுசா விடுங்க… நிறுத்துங்க.”

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

டாக்டரம்மா திரைக்கு அருகில் குனிந்தார். ஏழு. எட்டு. அவள் தன்னை அறியாமல் தானும் மூச்சை நிறுத்தியிருந்தாள். பதினொன்றில் அந்த உச்சந்தலை லேசாக ஆடியது. “ஆடாதீங்க” என்று ஸ்கேன்காரர் தனக்குள் முனகினார். பதினாலு. பதினைந்து. மேஸ்திரியின் கை மேடை விளிம்பை இறுக்கிப் பிடித்தது. பதினெட்டு.

“விடுங்க!”

அவர் இழுத்த மூச்சு, மைக் வழியாக, முக்குளித்து எழுந்தவன் மூச்சுபோலக் கேட்டது.

இன்னும் மூன்று முறை. மூன்றிலும் நிறுத்தினார். திரையில் படம் அச்சடித்த மாதிரி வந்தது. மருந்து பாய்ந்ததும் அந்த உருண்டை சட்டென்று வெளுத்தது. அடுத்தடுத்த படங்களில் சுற்றிலும் இருந்த கல்லீரலைவிடக் கறுத்தது. டாக்டரம்மாவின் உதடு இறுகியது. “வெளுத்துக் கறுக்குது. நல்ல குணம் இல்லே. புத்துநோய்தாம்மா” என்றார் மெல்ல. பிறகு சக்கரத்தை உருட்டி மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே போனார். இடது பக்கம். மறுபடி இடது பக்கம். ரத்தக்குழாய். அவள் கேட்கவில்லை. கேட்கப் பயந்தாள்.

“ஒண்ணுதான்” என்றார் டாக்டரம்மா. “குழாய் சுத்தமா இருக்கு. வெட்டி எடுத்துடலாம். பெரிய ஆபரேஷன், ஆனா எடுத்துடலாம். அப்புறம் மூணு மாசத்துக்கு ஒருதடவை இங்கதான் வரணும். அவரே வரணும்.”

“டாக்டர்… ஆறு மாசம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா?”

டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டை மூடினார். “பதினாலு மில்லிமீட்டர்தானே அப்போ. வெளியிலேருந்து ஊசி விட்டு அந்தப் புள்ளியைச் சூட்டுல கருக்கியிருப்போம். ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிருப்பார்.”

வராந்தாவில் எலி நின்றுகொண்டே இருந்தான், நாற்காலியை அழுக்காக்கிவிடுவோமோ என்று. அவள் ஒரு விரலைக் காட்டினாள். அவன் கண்ணை மூடித் திறந்தான். சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான். கறுப்புக் கன்னத்தில் இரண்டு கோடுகள் இறங்கின.

கொஞ்சம் பொறுத்துக் கேட்டான். “அண்ணி, அன்னிக்கு அவரே படுத்திருந்தா?”

அவள் ஸ்கேன் அறைக் கதவைப் பார்த்தாள்.

“சொல்லுங்க அண்ணி. டாக்டர்கிட்ட கேட்டிருப்பீங்க, எனக்குத் தெரியும்.”

தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவன் இன்றைக்குத் தூங்குவான். நாளைக்கு வேலைக்குப் போவான். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“ஊசியோட போயிருக்கும்” என்றாள். “ரெண்டு நாள்.”

அவன் கையைத் தூக்கிப் பார்த்தான், இறக்கினான். பிறகு, மிகவும் தணிந்த குரலில், “அண்ணனுக்குத் தெரியவேணாம் அண்ணி. நமக்குள்ளயே…” என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

கதவு திறந்தது. மேஸ்திரி வந்தார். சட்டைப் பட்டன் ஒன்று மாறிப் போட்டிருந்தது, கண்ணைச் சுற்றித் துணி அழுத்திய தடம். என்றைக்கும் இல்லாத ஒரு பெருமை முகத்தில். “பதினெட்டு செகண்டுடா! கேட்டியா நீ?” என்றவர், தரையில் இருந்த தம்பியையும் நின்றிருந்த மனைவியையும் பார்த்து நின்றார். “என்ன, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?”

அவள் காலி நாற்காலி ஒன்றை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எலி, நீங்களும் எந்திரிச்சு வந்து இப்படி உக்காருங்க.”